மாதிரி எண் ஒன்று

திரேஸ்புரத்தில் வலி இல்லாத ஆளைத் தேடினால்தான் நாள் பிடிக்கும். இருந்தாலும், வலி உள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளைக் கார் மூன்று நாள் அந்தத் தெருக்களைச் சுற்றி வந்தது. காருக்குள் இருந்தவர் ஷாம். சாத்தான்குளத்துக்காரர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தென்கடல் கணினி உடலியல் மையம், திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருந்தது. அவர் கேட்ட தகுதிகள் மூன்று. கடலுக்கடியில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். உடம்பில் ஏதாவது நோவு இருக்க வேண்டும். வேலை நாட்களில் கூட்டத்துக்கு வர வேண்டும். முதல் இரண்டும் தெருவுக்குப் பத்துப் பேரிடம் இருந்தன. மூன்றாவதைக் கேட்டதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அகப்பட்டவன் ஆன்றோ.

ஆன்றோவுக்கு நாற்பத்திரண்டு வயது. கம்ப்ரசரிலிருந்து வருகிற காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, பத்துப் பாகத்தில், அதாவது அறுபது அடி ஆழத்தில், மணலைத் துழாவிச் சங்கு எடுப்பது, அவர்கள் பேச்சில் சங்கு குளிப்பது, அவன் தொழில். ஆறு மாதமாக இடது தோள் குடைகிறது. தண்ணீரை விட்டு ஏறி ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து, யாரோ உள்ளேயிருந்து திருப்புளி போட்டுத் திருகுவது போல ராத்திரி முழுக்க வலிக்கும். வலியைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். ஆனால் அவன் மச்சான் ரோச்சுக்கும் இப்படித்தான் தோளில் ஆரம்பித்தது. ரோச் அவனோடு ஒரே படகில் சங்கு குளித்தவன், ஆன்றோவின் மனைவி விக்டோரியாவின் அண்ணன். போன வருடம் ஒருநாள் விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, படகில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தான். பீடி தீருவதற்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. இப்போது கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறான். வாதம் என்றார் ஒரு வைத்தியர். காற்று கருப்பு என்றார் இன்னொருவர்.

ஆகவே ஆன்றோவிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. பத்துப் பாகத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படி மேலே வரவேண்டும். இதற்கு யாராவது விடை சொன்னால் அவன் கால்கள் அவனுக்கு மிஞ்சும்.

ஷாமிடம் அதைத்தான் கேட்டான். ஷாம் மடிக்கணினியைத் திறந்து நீல நிறத்தில் ஒரு மனித உருவம் சுற்றுவதைக் காட்டினார்.

"கம்ப்யூட்டருக்குள்ள உங்கள மாதிரியே ஒரு ஒடம்பு செய்வோம் அண்ணாச்சி. அத கம்ப்யூட்டர் கடல்ல எறக்குவோம். எத்தன நிமிசத்துல அதுக்கு வலி வருதுன்னு பாத்து உங்களுக்குச் சொல்லிருவோம்."

"எனக்கு வரவேண்டிய வலிய அவன் வாங்கிக்கிடுவானா?"

"அதேதான்."

தனக்காக இந்த உலகத்தில் அப்படி ஒருத்தன் பிறக்கப் போகிறான் என்பதில் ஆன்றோவுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகிவிட்டது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். தாளின் தலைப்பில் 'உடல் மாதிரி: ஒப்புதல்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'மாதிரி எண் 1' என்றும், அதற்கு எதிரே அவன் பெயரும் இருந்தன.

*

முதல் திட்டமிடல் கூட்டம் பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்தது. மையம் இருந்த கட்டடம் முன்பு கப்பல் வேலைக்குப் பயிற்சி கொடுத்த ஒரு பள்ளி. பள்ளி மூடிப் போனபின் மேசை, நாற்காலி, அலமாரி, அலமாரிக்குள் இருந்த காகிதம் உட்பட அப்படியே மையத்துக்கு வந்து சேர்ந்தன. ஆன்றோவை நீள மேசையின் ஓரத்தில் உட்கார வைத்து, தட்டில் ஒரு முந்திரி மக்ரூன் வைத்தார்கள். சுவரில் இருந்த திரையில் பதினொரு நிறுவனங்களின் முகங்கள் பதினொரு கட்டங்களில் தெரிந்தன. அவற்றில் நான்கு முகங்கள் வாயசைத்தன, சத்தம் வரவில்லை. கூட்டம் முடியும் வரை அந்த நால்வரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜேசுபாதம் நாசரேத்துக்காரர். பிரசங்கக் குரல். எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மனித உடலைப் பற்றி உலகத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவர்கள் ஒன்றுசேரவில்லை என்பதுதான் குறை. அவர்களை எப்படி ஒன்றுசேர்ப்பது என்று திட்டமிடுவதற்காக இன்று நாம் ஒன்றுசேர்ந்திருக்கிறோம். அவசரப்படக் கூடாது. நான் இதற்கு முன் தலைமையேற்ற திட்டம் ஏழு வருடம் நடந்தது. அதில் ஒரு முடிவுகூட வெளியாகவில்லை. அதனால் இன்றுவரை அதில் ஒரு தவறை யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தம் வராத நால்வரும் தட்டினார்கள்.

பிறகு உடம்பைப் பிரித்தார்கள். ஏலக் கூடத்தில் மீனைக் கூறு வைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் ஆன்றோ. அங்கே இவ்வளவு தள்ளுமுள்ளு இருந்ததில்லை. இருதயத்துக்கு நான்கு பேர் போட்டி போட்டார்கள். மூளையை எடுத்தவர், கண்ணும் சேர்ந்து வந்தால்தான் எடுப்பேன் என்றார். நுரையீரலை இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டன. குடலை யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வராத ஒருவர் பெயரில் அதை எழுதினார்கள்.

கடைசியில் இடது தோள் மிஞ்சியது. எலும்பு நிறுவனம், எலும்பு எங்களுடையது, மூட்டுக்குள் ஓடுகிற ரத்தம் எங்களுடையது அல்ல என்றது. ரத்த நிறுவனம், ரத்தம் மூட்டுக்குள் நுழைந்த நிமிடமே அது எங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்றது. ஒரு மணி நேரம் வழக்காடிய பின் இடது தோள் 'எல்லைப் பிரச்சினை' என்று ஒத்திவைக்கப்பட்டது. ஆன்றோ தன் தோளைத் தடவிக்கொண்டான். அதுவரை அது தன்னுடையது என்றே நினைத்திருந்தான்.

பங்கேற்பாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். ஆன்றோ எழுந்து, பத்துப் பாகத்துல எவ்வளவு நேரம் நிக்கலாம், எப்பிடி மேல வரணும் என்று கேட்டான். இயக்குநர் ஒரு முறை தலையை அசைத்தார்.

கூட்டம் முடிந்ததும் தட்டச்சு வேலை பார்க்கும் பேச்சிச்செல்வி அவன் கையில் கூட்டக் குறிப்பு என்று மூன்று தாள்களைக் கொடுத்தாள். எட்டயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஐந்து வருடமாகத் தற்காலிகப் பணியாளர். தாளின் பின்பக்கம் ஏதோ பழைய அச்சு இருந்தது. தாள் வாங்குகிற குழு இன்னும் கூடவில்லை, அதனால் அலமாரியில் கிடக்கும் பழைய காகிதத்தின் மறுபக்கத்தில்தான் அச்சடிக்கிறேன் என்று அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். முன்பக்கம் மேலே ஆங்கிலத்தில் 'மினிட்ஸ்' என்று கொட்டை எழுத்து. கீழே தமிழ். கடைசி வரி: 'பங்கேற்பாளர் ஒரு கேள்வி கேட்டார். குறித்துக்கொள்ளப்பட்டது.'

வீட்டில் விக்டோரியா, மடித்த காகிதத்திலிருந்து மக்ரூனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒடம்பக் குடுத்துட்டு மக்ரூன் வாங்கிட்டு வந்திருக்கீங்க. எங்க அண்ணனாவது சும்மா குடுத்தான்."

*

பிப்ரவரி பாதியில் ஆன்றோ குளி பாஸை, அதாவது கடலில் மூழ்குவதற்கான அனுமதிச் சீட்டை, புதுப்பிக்க மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனான். வருடா வருடம் நடப்பதுதான். பாஸ் இல்லாதவனைப் படகில் ஏற்றினால் படகுக்காரருக்குத் தொல்லை. எழுத்தர் கணினியில் பெயரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், ஆன்றோவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒம்ம பேரு தடையில கெடக்குவே."

மையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எழுத்தர் அதைச் சத்தமாக வாசித்தார். 'மாதிரி எண் 1, சரிபார்ப்பு முடியும்வரை எக்காரணம் கொண்டும் நீரில் இறக்கப்படலாகாது.'

"அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்க ஆளு. நான் இல்ல."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்க ஆளு இங்க வந்து கையெழுத்துப் போடுவானா? மாதிரி எண் ஒண்ணு, ஆன்றோ, கையெழுத்து. இது ஒம்ம கையெழுத்துத்தான?"

"எங்கையெழுத்துத்தான்."

"அப்ப நீருதான் மாதிரி. மாதிரியத் தண்ணியில எறக்கக் கூடாதுங்காவ. நான் எறக்கிவிட்டு நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

சரிபார்ப்பு எப்போது முடியும் என்று கேட்டான். ஆய்வு முடிந்ததும் என்றார் எழுத்தர். ஆய்வு எப்போது தொடங்கும் என்று கேட்டான். திட்டமிடல் முடிந்ததும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. மே மாதம் கச்சான் காற்று எழும்பிவிட்டால் தண்ணீர் கலங்கி, கை நீட்டினால் கை தெரியாது. அதன்பின் அந்த வருடத்துக்குக் குளி கிடையாது. இன்னும் மூன்று மாதம்கூட முழுசாக இல்லை.

மையத்தில் பேச்சிச்செல்வி கடிதத்தின் ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். கணினிக்குள் செய்கிற உருவத்துக்கும் 'மாதிரி'. சோதனைக்கு எடுக்கிற ரத்தம், சிறுநீர், ஆள், எல்லாவற்றுக்கும் 'மாதிரி'. ஆங்கிலத்தில் மாடல், சாம்பிள் என்று இரண்டு சொல் இருந்தது. மையத்தின் சொற்பட்டியலில் இரண்டுக்கும் எதிரே ஒரே சொல். எந்த மாதிரியைக் கணினிக் கடலில் இறக்கக் கூடாது என்று எழுதினார்களோ, அது துறை அலுவலகத்துக்குப் போனபோது ஆன்றோவாகிவிட்டது.

"ஒரு வார்த்தைய மாத்தி இன்னொரு லெட்டர் அடிச்சிருங்கம்மா."

"நானா அடிக்க முடியாது அண்ணாச்சி. கலைச்சொல் உட்குழு கூடணும்."

கலைச்சொல் உட்குழு மார்ச் மாதத்தில் மூன்று முறை கூடியது. மாதிரிக்குப் பதிலாகப் 'படிமம்' என்று வைக்கலாம் என்றார் ஒரு பேராசிரியர். அது கவிதைக்காரர்களுடையது, அவர்களிடம் அனுமதி கேட்க நேரிடும் என்றார் இரண்டாமவர். 'ஒப்புரு' என்றார் மூன்றாமவர். எதற்கு ஒப்பான உரு என்று கேட்டபோது, அது இரண்டாம் கட்டத்தில் தெரியவரும் என்றார். கடைசியில், களத்தில் இருப்பவர்களின் சொல்லையும் கேட்போம் என்று ஆன்றோவை அழைத்து, கடலுக்குள் இறங்குகிற இந்த உடம்பை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று விசாரித்தார்கள்.

"ஆளுன்னு சொல்லுவோம்."

குறிப்பில் இப்படி வந்தது: 'ஆளு: வட்டார வழக்கு. பரிசீலிக்கப்படும்.'

அந்தத் தாளின் மறுபக்கத்திலும் பழைய அச்சு இருந்தது. ஆன்றோ அதையும் மற்றவற்றோடு சேர்த்து நூலால் கட்டி வைத்தான். கட்டு கனத்துக்கொண்டே வந்தது.

சொல் முடிவாகும்வரை பழைய சொல்லே நடைமுறையில் இருக்கும் என்பதால் அவன் மாதிரியாகவே நீடித்தான். மாதிரி என்றால் மையத்தின் உடைமை. வெள்ளிக்கிழமை தோறும் மையத்தின் உடைமைகளைச் சரிபார்ப்பது வழக்கம். ஆன்றோ காலையில் வந்து குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு பழுதான பிரிண்டருக்கும் நடுவில் நிற்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமையே அவன் தோளில் எண் ஒட்டினார்கள். எந்தத் தோளில் ஒட்டுவது என்று கேட்டுவிட்டு, அவன் சொல்வதற்குள் இடது தோளில் அழுத்தி ஒட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று பரிவாகக் கேட்டார்.

*

ஏப்ரல் முதல் வாரத்தில் கூட்டாளி நிறுவனங்களிலிருந்து ஏழு பேர் மாதிரியைப் பார்க்க விமானத்தில் வந்தார்கள். கணினிக்குள் மாதிரி என்று ஒன்றும் இருக்கவில்லை. சுற்றுகிற நீல உருவம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்பது ஷாமுக்கும் பேச்சிச்செல்விக்கும் மட்டும் தெரியும். ஷாம் காலையிலேயே திரேஸ்புரத்துக்கு வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க மாதிரி மாதிரி நின்னுருங்க அண்ணாச்சி."

"நான்தான் மாதிரின்னு மூணு மாசமா சொல்லுதீங்க. இப்ப மாதிரி மாதிரி நிக்கணுமா?"

நின்றால் பாஸுக்குக் கடிதம் தருவேன் என்று ஷாம் சத்தியம் செய்தார். ஆன்றோ போனான். கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அவனை நிறுத்தி, நீல விளக்குப் போட்டார்கள். முன்னால் ஒரு விசைப்பலகை. 'மூச்சு' என்ற விசையை ஒரு வெள்ளைக்காரர் அழுத்தினார். ஆன்றோ மூச்சை அடக்கினான். இரண்டு நிமிடம் முப்பது நொடி. விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோலின் துல்லியத்தை ஒரு அம்மாள் மிகவும் புகழ்ந்தார். வியர்வைகூட வருகிறதே, இதற்கு எவ்வளவு கணினி ஆற்றல் தேவைப்படுகிறது என்று கேட்டார். காலையில் இரண்டு இட்லி என்று பேச்சிச்செல்வி முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு அந்த அம்மாள் 'இடது கை உயர்த்து' என்பதை அழுத்தினார். கை காது வரை போய் நின்றது. மறுபடி அழுத்தினார். ஆன்றோ பல்லைக் கடித்தான். மூன்றாவது முறை அழுத்தியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விருந்தினர்கள் குறிப்பேடுகளை எடுத்தார்கள். டாக்டர் ஜேசுபாதம் முன்னால் வந்தார்.

"இது ஒரு சிறு பிழை. மாதிரியில் வலி என்ற அம்சம் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. ஆகவே நீங்கள் இப்போது பார்ப்பது வலி அல்ல. இரண்டாம் கட்டத்தில் முகத்தைச் சரிசெய்துவிடுவோம்."

விருந்தினர்கள் திட்டமிடலை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க அங்கேயே ஒப்புதல் அளித்தார்கள். எல்லோருக்கும் மக்ரூன். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனுக்குத் தரவில்லை. மாதிரி சாப்பிடாது.

ஷாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடிதம் அன்று மாலையே வந்தது. இருக்கிற விதிகளில் ஒரு மாதிரியை வெளியே விடுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. 'மாதிரி எண் 1 பழுதடைந்துவிட்டது. இடது கை இயங்கவில்லை. சீர்செய்ய இயலாத நிலையில் கண்டம் செய்யப்படுகிறது.' பழைய பஸ்ஸையும் ஜீப்பையும் இனி உதவாது என்று கழித்துக் கண்டம் செய்கிற அதே படிவம். 'என்ஜின் நிலை' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

மறுநாள் துறை அலுவலக எழுத்தர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"ஆக, தடை நீங்கிட்டு."

"அப்ப பாஸ் குடுங்க."

"கண்டமான ஆளுக்கு எப்பிடிவே பாஸ் குடுக்க? கை வெளங்காது, சீர்செய்ய முடியாதுன்னு டாக்டரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. ஒமக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தாளத்தான என் மூஞ்சியில காட்டுவாவ?"

ஆன்றோ வீட்டுக்கு வந்து, கூட்டக் குறிப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு ரோச்சின் வீட்டுக்குப் போனான். அடுப்பெரிக்க வச்சுக்கிடும் மச்சான் என்று தொப்பென்று தரையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

ரோச் இளவட்டத்தில் இழுவைக் கப்பலில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். ஆங்கிலத்தில் கப்பலுக்கு வேண்டிய அளவு தெரியும். நடமாட்டம் குறைந்தபின் கையில் கிடைத்ததை எல்லாம் வாசிக்கிற பழக்கம் வந்திருந்தது. கட்டை அவிழ்த்து, ஒரு தாளை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பினான்.

"ஏலே மாப்ள. இதென்ன, ரெண்டு பக்கமும் மினிட்ஸ்னு போட்டிருக்கு?"

"கூட்டம் நடந்தா அப்பிடித்தான் போடுவாவளாம்."

"அது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பாரு. அடின்னு போட்டிருக்கான். அடுத்தாப்புல மினிட்ஸ். நாப்பது அடி, அம்பது அடி, அறுவது அடி. ஒவ்வொண்ணுக்கும் நேரே நிமிசம். இது ஒங்க கூட்டம் இல்லலே. இது தண்ணி."

இருவரும் கட்டு முழுவதையும் புரட்டிப் போட்டார்கள். அறுபது அடிக் கணக்கு இருந்தது பிப்ரவரியில் நடந்த முதல் கூட்டத்தின் மூன்றாம் தாளில். முன்பக்கம், கடைசி வரியில், 'பங்கேற்பாளர் ஒரு கேள்வி கேட்டார். குறித்துக்கொள்ளப்பட்டது.' மறுபக்கம் விடை.

*

மறுநாள் காலை ரோச்சும் கட்டையை ஊன்றிக்கொண்டு மையத்துக்கு வந்தான். பேச்சிச்செல்வி அந்தத் தாளை வாங்கி வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அறுபது அடியில் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நேரே மெதுவாக மேலே வரலாம். எண்பது நிமிடம் இருந்துவிட்டால், மேலே வருகிற வழியில் பத்தடியில் ஏழு நிமிடம் நின்று வரவேண்டும். நேரம் கூடக்கூட நிற்கிற நிமிடமும் கூடும். உடம்பில் கரைந்த காற்று வெளியேற அவகாசம் கொடுக்காமல் ஏறினால் மூட்டு வலிக்கும், கால் மரக்கும்.

"அலமாரியில இன்னும் ஒரு கட்டு இருக்கு அண்ணாச்சி. பழைய பயிற்சிப் பள்ளிக்கூடத்துப் பாடமாம். கீழ வருசம் போட்டிருக்கு. நான் பொறக்கதுக்கு முன்னாடி அடிச்சது. இத விட பழசெல்லாம்கூட இருக்கும்ங்காவ."

ரோச் தன் வலது காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டான். போன வருடம் அவர்கள் மூன்று மணி நேரம் கீழே இருந்துவிட்டு ஒரே உதையில் மேலே வருவார்கள். வேகமாக ஏறுகிறவனைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள். அவன் தாளை அவளிடமிருந்து வாங்கி, மடிப்பு விழாமல் பிடித்துக்கொண்டான்.

ஆன்றோ நேரே இயக்குநர் அறைக்குப் போனான். டாக்டர் ஜேசுபாதம் தாளின் முன்பக்கத்தைப் பார்த்துத் தன் கையெழுத்தை ரசித்தார். மறுபக்கத்தைத் திருப்பியதும் முகம் மாறியது.

"இது எங்கே கிடைத்தது?"

"ஒங்க அலமாரியில சார். நான் கேட்டதுக்குப் பதிலு இதுல இருக்கு."

"மிஸ்டர் ஆன்றோ, நீங்கள் ஒரு பெரிய சிக்கலை உண்டாக்கிவிட்டீர்கள். இந்தத் திட்டமே உங்கள் கேள்வியின் மேல் நிற்கிறது. பதினொரு நிறுவனங்கள், இரண்டு வருட நீட்டிப்பு. நீங்கள் பாட்டுக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால் கேள்வி என்ன ஆவது? விடை தெரிந்தவரைப் பங்கேற்பாளராக வைத்துக்கொள்ள விதி இடம் தராது."

"அப்ப என்ன விட்டுருங்க."

"விட்டுவிடுவது மட்டும் போதாது. நீங்கள் ஒருபோதும் எங்களோடு இருந்ததில்லை என்று ஆக வேண்டும்."

கண்டம் செய்த கடிதத்தை ஆன்றோவிடமிருந்து வாங்கி அவரே கிழித்துப் போட்டார். மணியடித்துப் பேச்சிச்செல்வியை அழைத்து, நின்றபடியே சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். இரண்டு மாதமாக எந்தக் குழுவாலும் முடியாத காரியம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. 'திரேஸ்புரம் ஆன்றோ என்பவருக்கும் இம்மையத்தின் மனித உடல் மாதிரிக்கும் எவ்வித ஒற்றுமையும் இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது. மாதிரி எண் 1 என்பதற்கு எதிரே அவர் பெயர் தவறுதலாகப் பதிவாகிவிட்டது.' முத்திரை, கையெழுத்து, தேதி.

தாளை நீட்டும்போது பேச்சிச்செல்வி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மனுசனுக்கும் மாதிரிக்கும் சம்பந்தமே இல்லன்னு இந்த மையம் வெளியிட்ட மொத முடிவு இதுதான்."

துறை அலுவலக எழுத்தர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். இதத்தானவே மொதல்லயே வாங்கிட்டு வரச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டே பாஸில் கையெழுத்துப் போட்டார்.

*

கச்சானுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆன்றோ திங்கட்கிழமையே கடலில் இறங்கினான். படகில் புதிதாக ஓர் ஏற்பாடு. கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ரோச் உட்கார்ந்திருந்தான். குளிக்க முடியாதவனைப் படகில் ஏற்றுவதற்குப் படகுக்காரர் முதலில் யோசித்தார். கயிறு பிடிக்கக் கால் எதுக்கு என்று கேட்டுவிட்டு ரோச் ஏறி உட்கார்ந்துகொண்டான். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தத் தாள். மணிக்கட்டில் விக்டோரியாவின் கைக்கடிகாரம். ஆன்றோவின் இடுப்புக் கயிற்றில், இடுப்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

எண்பதாவது நிமிடத்தில் ரோச் கயிற்றை மூன்று முறை சுண்டினான். ஆன்றோ மெல்ல ஏறினான். சிவப்புத் துணி நீர்மட்டத்துக்கு வந்ததும் ரோச் கயிற்றைப் படகுக் கட்டையில் சுற்றி நிறுத்தினான். இதற்கு மேல் ஒரு சாண் ஏறினாலும் குழாயை அறுத்துப்போடுவேன் என்று கரையிலேயே சொல்லியிருந்தான். கீழே கலங்காத தண்ணீரில் ஆன்றோ கைகால் அசைக்காமல் தொங்குவது தெரிந்தது.

அப்போது ஆன்றோவின் செல்போன் அடித்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம், சிக்னல் இருந்தது. ரோச் எடுத்தான். ஷாம்தான். குரலில் உற்சாகம். ஆன்றோ அண்ணாச்சியின் கேள்வியை மூன்றாம் கட்டத்தின் முதல் பொருளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை கூட்டம், அவர் வந்து அந்தக் கேள்வியை மறுபடி ஒரு முறை கேட்டால் நன்றாக இருக்கும் என்றார்.

"ஒங்களுக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டும் இல்லன்னு முத்திர குத்திக் குடுத்தியளே."

அது மாதிரிக்குச் சொன்னது, இது கேள்விக்கு என்றார் ஷாம். பத்து நிமிசந்தான் ஆகும், அவரிடம் போனைக் கொடுங்கள், என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ள நிக்கான்."

"நின்னுக்கிட்டு என்ன செய்யுதாரு?"

ரோச் மடியில் இருந்த தாளைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. தண்ணீருக்குள் ஆன்றோ இடது கையை மெல்ல உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கை காது வரை வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. இனிமேலும் போகுமா என்பது எந்தத் தாளின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா? வியாழக்கிழமை பதினொரு மணிக்கு."

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ரோச் அச்சில் இருப்பது போலவே சொல்லி, போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மறுபடி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.